நேற்று யாரோடு பேசினீர்கள்?

போன மாதம் ஷீபா என் வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ் அவள்தான். கையில் ஓர் அச்சடித்த தாள் வைத்திருந்தாள். 'மகிழ்ச்சிக்கும் மூளைக் கூர்மைக்கும் பத்துப் பழக்கங்கள்' என்று தலைப்பு. சித்திரபுரத்தில் நடக்கும் முதியோர் கூட்டத்தில் அதைப் பற்றி நான் அரை மணி நேரம் பேச வேண்டுமாம்.

வாங்கிப் படித்தேன். அதிகாலை ஐந்து மணிக்கு எழவும். குறுக்கெழுத்துப் புதிர் போடவும். தினம் ஒரு கைப்பிடி வால்நட் உண்ணவும். நன்றி சொல்ல வேண்டியவற்றை டைரியில் எழுதவும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஆயுசு முழுக்க ஐந்து மணிக்கு எழுந்து, சோறு பொங்கி வைத்துவிட்டுப் பனியில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன ஜனங்கள் அவர்கள். அவர்களிடம் போய் ஐந்து மணிக்கு எழுந்திருங்கள் என்று நான் சொல்வதா? வால்நட்டை லயத்து வரிசை வீட்டுக்கு எந்த மகராசன் கொண்டுவந்து கொடுப்பான்?

"அப்போ நீங்க என்னதான் சிஸ்டர் சொல்லுவீங்க?" என்று ஷீபா சிரித்தாள்.

"நான் செஞ்ச தப்பச் சொல்லுவேன்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் போன பிறகு யோசித்துப் பார்த்தால், சொல்ல வேண்டியது உண்மையில் அதுதான் என்று தோன்றியது. இங்கே எழுதுவதும் அதைத்தான்.

என் பெயர் ரோஸ்லின். அப்பா அம்மா இருவரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். பத்தாவது முடித்ததும் பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தோடு மதுரைக்கு நர்ஸ் படிப்புக்குப் போனேன். அங்கே கற்றதைச் சுருக்கமாகச் சொன்னால் ஊசி போடுவது, கட்டுப் போடுவது, பெரிய சிஸ்டரைக் கண்டால் எழுந்து நிற்பது, அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் டாக்டர் குரியனிடம்தான் கற்றேன்.

குரியன் டாக்டர் கோட்டயத்துக்காரர், மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். ஒல்லியான ஆள். மழையோ வெயிலோ, காலில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் இருக்கும். பேனாவை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். குரலை உயர்த்தி யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் 'நல்லது' என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த 'நல்லது' காதில் விழுந்தால் அன்றைக்கு எங்களுக்குச் சோறு இறங்காது. பங்களாவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவர் ஒரே வழியில் தொடர்ந்து இரண்டு நாள் வந்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் ஓடை வழி, ஒருநாள் கோயில் வழி, இன்னொரு நாள் தேயிலைக்குள் இறங்கி அட்டைக்கடி வாங்கிக்கொண்டு வருவார். வந்து பூட்ஸைக் கழற்றும்போதே, இன்றைக்கு வழியில் புதிதாக என்ன பார்த்தேன் என்று ஒன்று சொல்வார். பிறகு நாங்கள் ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஒண்ணும் இல்ல சார்' என்றால், "ஒண்ணும் இல்லாத வழி எவிடே சிஸ்டரே, எனக்கும் காட்டு" என்பார். அந்த வெட்கத்துக்குப் பயந்தே நாங்கள் வழியெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தோம்.

எங்கள் எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்கு ஐம்பத்தெட்டு வயதில் வேலை முடிந்துவிடும். வேலை முடிந்தவர்கள் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து பிரஷர், சர்க்கரை பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கென்று டாக்டர் தனியாக ஒரு ரெஜிஸ்டர் போட்டிருந்தார். அதில் பிரஷர், எடை எல்லாம் எழுதிய பிறகு நான்கு கட்டங்கள் இருக்கும். நேற்று யாரோடு பேசினீர்கள்? நேற்று எங்கே நடந்தீர்கள்? நேற்றுப் புதிதாக எதைப் பார்த்தீர்கள்? கடைசியாக எதற்குச் சிரித்தீர்கள்? இந்த நான்கையும் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும்.

கேட்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். மேசைக்கு எதிரே உட்கார வைக்கக் கூடாது, பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் நம் முகத்தில் விழ வேண்டும். முதலில் முகத்தைப் பார்த்துக் கேட்டு, பதில் முழுசாக வந்த பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். வெளியே முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது இதெல்லாம் எனக்கு வீண் வேலையாகத்தான் பட்டது. ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஒருத்தன் நேத்துப் பொழுத எப்படிக் கழிச்சான்னு தெரியாம அவனுக்கு மாத்திர எழுத எனக்கு அறியாது சிஸ்டரே" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்தோணியம்மாள் என்று ஒரு விதவை, வாராவாரம் தலைவலி என்று வருவார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். நான் நான்கு கட்டத்திலும் 'நார்மல்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். டாக்டர் ரெஜிஸ்டரைப் பார்த்தார். "நல்லது" என்றார். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தோணியம்மாள் வீட்டுக்கு ஏறிப் போய் மறுபடி கேட்டு எழுதி வந்தேன். நேற்று யாரோடு பேசினீர்கள் என்றதற்கு அவர் சொன்ன பதில்: "கோழிகூட."

தண்ணீர்க் குழாயடிக்குக்கூட அவர் கூட்டம் இல்லாத மத்தியான நேரம் பார்த்துத்தான் போவாராம். ஆறு மணிக்குப் போனால் குடத்துக்குக் குடம் சண்டை என்றார். அதையும் எழுதிக் கொண்டுபோனேன். டாக்டர் மாத்திரைச் சீட்டை எடுத்து, மாத்திரைக்குக் கீழே எழுதினார்: 'தண்ணீர் எடுக்கும் நேரம் மாலை ஆறு மணி. ஒரு மாதம்.' அந்தோணியம்மாளுக்கு வந்ததே கோபம்! "வேலையத்த டாக்டரு, என்னய அடிபடச் சொல்லுதாரு" என்று என்னிடம் முறையிட்டார். ஆனால் டாக்டர் சீட்டில் எழுதியதைச் செய்யாமல் இருக்க எங்கள் ஜனங்களுக்கு மனசு வராது. அடுத்த மாதம் வந்தபோது குழாயடியில் யார் யாரோடு சண்டை, யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று அரை மணி நேரம் சொன்னார். தலைவலியைப் பற்றி நான்தான் கேட்டு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. "அட, அதுவா" என்றார்.

இப்படி எத்தனையோ பேர். நாலு கட்டத்தை நிரப்பி நிரப்பி எனக்குக் கை பழகிவிட்டது. பழகிய பிறகு ஆள் என்ன செய்வான்? சுருக்குவழி தேடுவான். நானும் தேடினேன்.

மாஸ்க் காலம் வந்தது. கொரோனாவின் முதல் பயம் அடங்கி, ஆஸ்பத்திரியில் மட்டும் எல்லோரும் மாஸ்க் போட்டே தீர வேண்டும் என்று இருந்த நாட்கள். நான் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. வயசானவர்களிடம் கேள்வி கேட்கும்போது வராந்தாவில் தள்ளி நின்று, முகம் தெரிகிற பிளாஸ்டிக் கவசத்தைப் போட்டுக்கொண்டு கேளுங்கள் என்று டாக்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். எங்கள் மலைக் குளிருக்கு அது மூச்சு விட்டதும் வேர்த்து மங்கிப்போகும். நான் அதை ஆணியில் மாட்டியவள் மாட்டியவள்தான். மாஸ்க்கைப் போட்டு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே கேட்பேன். டாக்டர் உள்ளறையில் இருப்பார், எப்படிக் கேட்கிறேன் என்று அவருக்கென்ன தெரியும்?

அப்போதுதான் ஒரு புதன்கிழமை முத்துலட்சுமி தன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மாமனார் பெயர் செல்லையா. ஃபேக்டரியில் ரோலர் ரூமில், தேயிலையை உருட்டி நசுக்கும் மிஷின்களுக்கு நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். மனைவி இல்லை. மகனும் முத்துலட்சுமியும் எஸ்டேட் வேலை. முத்துலட்சுமி கையில் ஒரு ஃபாரம் இருந்தது. தேனிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் ஃபாரம். அதில் 'மனநிலை' என்று ஓர் இடம் விட்டிருந்தது. அதை ஆஸ்பத்திரியில் நிரப்பி டாக்டர் கையெழுத்து வாங்கி வந்தால் சேர்த்துக்கொள்வார்களாம்.

"எதுக்கு முத்துலட்சுமி?" என்றேன்.

"மாமாவுக்குப் புத்தி நெலயில்ல சிஸ்டர்." அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. "குக்கர் விசிலு கத்து கத்துன்னு கத்துது, பக்கத்துலயே உக்காந்திருக்காரு. அடிப்பிடிச்சு வால்வு தெறிச்சுப் போச்சு. கொழாயத் தொறந்துவிட்டுட்டு அந்தப் பக்கமா திரும்பி நிக்காரு. டேங்குத் தண்ணி பூராம் போயி லயமே எங்க வீட்டு வாசல்ல வந்து சண்ட போடுது. போன வாரம் ஜீப்பு ஆரன் அடிச்சிக்கிட்டே வருது, நடுரோட்டுல நடக்காரு. டிரைவர் பிரேக் போடலன்னா அன்னைக்கே பொணம். நான் கொழுந்து எடுக்கப் போகவா, இவருக்குக் காவல் இருக்கவா? நீங்களே சொல்லுங்க."

குக்கர், குழாய், ஜீப். மூன்றும் சத்தம். மூன்றையும் என் கையால் எழுதினேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ரோலர் ரூம் ஆட்களுக்குக் காது மந்தம் என்பது எங்கள் எஸ்டேட்டில் யாரும் வியாதியாகவே நினைக்காத சங்கதி. சத்தமாகப் பேசினால் போதும் என்று நினைப்போம்.

குனிந்தபடி கேட்டேன். "நேத்து யாரோட பேசுனீங்க அண்ணாச்சி?"

"ஆமா" என்றார்.

"நேத்து எங்க நடந்தீங்க?"

"சாப்ட்டேன் சாப்ட்டேன்."

"புதுசா எதப் பாத்தீங்க?" இன்னும் சத்தமாகக் கேட்டேன். பதில் இல்லை. "கடைசியா எதுக்குச் சிரிச்சீங்க?" என்றதும் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ரெஜிஸ்டரிலும் ஃபாரத்திலும் நான் எழுதினேன்: 'கேள்விக்குப் பொருந்தாத பதில். காரணமில்லாமல் சிரிக்கிறார். ஞாபக மறதி முற்றிய நிலை.' என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும். அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது. சனிக்கிழமை டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், அன்றைக்கு அப்படியே தேனி பஸ் ஏறிவிடலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை காலையில் வந்துவிட்டார்கள். செல்லையா சலவைச் சட்டை போட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு துணிப்பை. நான் உள்ளே ஃபாரத்தை டாக்டர் மேசையில் வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், முற்றத்துக்கு அந்தப் பக்கம் சர்க்கரை மாத்திரை வரிசையில் பிச்சைமணி நிற்கிறார். அவரும் பழைய ரோலர் ரூம் ஆள்தான். அவர் கையைத் தூக்கி விரலை மடக்கி விரித்து என்னமோ செய்தார். பெஞ்சிலிருந்து செல்லையா கை அதைவிட வேகமாகப் போனது. பிச்சைமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செல்லையாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. காரணம் இல்லாத சிரிப்பா அது?

வெளியே போய் பிச்சைமணியைக் கூப்பிட்டேன். "என்ன பேசிக்கிட்டீங்க?"

"சும்மா கததான் சிஸ்டரம்மா. ரோலர் ரூம் பாஷ. மிசின் ஓடுறப்ப காது கேக்குமா? கையாலதான பேசுவோம்." கைமுட்டியைச் சுற்றிக் காட்டினார். "இது மிசின ஓட்டு." உள்ளங்கையைக் கவிழ்த்தார். "இது நிப்பாட்டு." கட்டைவிரலைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் ஆட்டினார். "இது பின்னால ஆள் வாராரு, திரும்பிப் பாரு. டீமேக்கர் வர்றப்ப இதுதான் எங்க உசுரக் காப்பாத்தும்." டீமேக்கர் என்றால் ஃபேக்டரியை நடத்தும் அதிகாரி.

"இப்ப அவர் என்ன சொன்னாரு?"

பிச்சைமணி தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்கிடக் கூடாது."

"சொல்லுங்க."

"'இந்தம்மா மொகத்தையும் மூடிக்கிட்டு, தலையவும் குனிஞ்சுக்கிட்டு என்னமோ கேட்டுச்சு. நான் குத்துமதிப்பா தலையாட்டி வச்சேன்'ங்கான். பெறவு, உள்ள செவுத்துக் கடியாரம் பொதன்கெழமையும் ஒம்போதே கால்ல நின்னுச்சாம், இன்னைக்கும் ஒம்போதே கால்ல நிக்காம். அதப் பாக்க ஆளில்ல, என்னயப் பாக்க வந்துட்டாகங்கான்."

உள்ளே திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதே கால். என் கைக்கடிகாரத்தில் மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. நாலு நாளாக அந்தக் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் மற்றவர்களின் ஞாபகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன்!

"இப்ப எங்க போறோம்னு அவருக்குத் தெரியுமான்னு கேளுங்க" என்றேன்.

பிச்சைமணி கேட்டார். செல்லையா கண்ணைத் தொட்டுக் காட்டிப் பதில் சொன்னார். "கண்ணு ஆப்ரேசனுக்குத் தேனிக்குப் போறேங்கான். ரெண்டு நாள்ல வந்துருவேன், அதுவர மாவு பெசஞ்சு வைக்காதங்கான். எப்பவாச்சும் நாங்க சீட்டாட உக்காந்தா அவனுக்குத் திங்க மாவுருண்ட வேணும்."

பக்கத்தில் நின்ற முத்துலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு மனுஷன், புத்தி முழுசாக இருக்கிற மனுஷன், என் கையெழுத்தால் இனித் திரும்ப முடியாத இடத்துக்குச் சலவைச் சட்டை போட்டுக் கிளம்பி உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ஓடினேன். டாக்டர் கழுத்திலிருந்த பேனாவை எடுத்துவிட்டிருந்தார்.

"சார், போடாதீங்க" என்றேன்.

"எந்தா சிஸ்டரே?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "கேட்டப்போ முகம் காட்டினோ?"

"இல்ல சார்."

"நல்லது" என்றார். அந்த 'நல்லது' இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, மேலே மை பூசக் கூடாது என்பது எங்கள் முறை. ஒரே ஒரு கோடு போட வேண்டும், அடியில் இருப்பது வாசிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கோடு போட்டேன். காரணம் என்ன எழுதுவது என்று நின்றேன். "உள்ளதை எழுது" என்றார். 'நான் முகத்தை மூடி, குனிந்துகொண்டு கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு டாக்டர் வராந்தாவுக்கு வந்தார். ஆணியிலிருந்த கவசத்தை எடுத்து, தன் சட்டையாலேயே துடைத்துப் போட்டுக்கொண்டார். வெளிச்சம் முகத்தில் விழும்படி செல்லையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயை நிதானமாக அசைத்துக் கேட்டார். புரியாததைப் பிச்சைமணி கையால் சொன்னார். நான் எழுதினேன்.

நேற்று யாரோடு பேசினீர்கள்? "ஆரோடயும் இல்ல. எல்லாரும் மொகத்த மூடுன நாள்லருந்து ஆரு பேச்சும் பிடிபடல. வீட்டுல முதுகக் காட்டிக்கிட்டுப் பேசுதாக. மறுக்கா கேட்டா எரிஞ்சு விழுதாக. பேசாம இருந்துட்டேன்."

நேற்று எங்கே நடந்தீர்கள்? "ஃபேக்டரி கேட்டு வரைக்கும். சிப்ட் விட்டு ஆள் வெளிய வாரதப் பாத்துட்டு வருவேன்."

புதிதாக எதைப் பார்த்தீர்கள்? கடிகாரத்தைக் காட்டினார். பிறகு முத்துலட்சுமியின் காலைக் காட்டினார். "இந்தப் பிள்ள செருப்பு வாரு அந்து போச்சு. கம்பிய வச்சு முறுக்கிப் போட்டிருக்கு. கம்பி குத்தி கால்ல புண்ணு. ஆருட்டயும் சொல்லாது."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். கம்பிதான். முத்துலட்சுமி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கடைசியாக எதற்குச் சிரித்தீர்கள்? "இப்பத்தான். பிச்சமணி முடி வெட்டிட்டு வந்திருக்க லட்சணத்தப் பாத்து."

காது கேட்கவில்லை என்று ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டார். அந்தக் கேள்விக்கு செல்லையா கையால் பதில் சொல்லவில்லை, வாயாலேயே சொன்னார். "செவிடன்னு சொன்னா பிள்ளையள்லாம் சிரிக்கும் சார். அதுக்குத் தலையாட்டிட்டுப் போயிரலாம்னு இருந்துட்டேன்."

முத்துலட்சுமி பிச்சைமணியிடம், "வேல முடிஞ்சு கெளம்புறதுக்கு என்ன சொல்லுவீக மாமா?" என்று கேட்டாள். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தட்டித் துடைத்து, வாசலைக் காட்டினார். அவள் மாமனாருக்கு முன்னால் போய் நின்று அதை அப்படியே செய்தாள். செல்லையா அவளை ஏற இறங்கப் பார்த்தார். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அந்த ஃபாரத்தை அவள் டாக்டர் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாகிவிட்டது என்று நான் கதை அளக்க மாட்டேன். டாக்டர் காதைப் பார்த்தார். ஒரு பக்கம் அழுக்குக் கல்லாக இறுகியிருந்தது. சொட்டு மருந்து விட்டு ஊறவைத்துக் கழுவினோம், கொஞ்சம் தேறியது. மிச்சம் முப்பது வருஷ மிஷின் சத்தம் தின்றது, அது திரும்பாது. மலைக்குக் கீழே அடிமாலிக்குப் போய்ச் சோதனை செய்து காதுக்கு மிஷின் வாங்கினார்கள். அது கூய் என்று கத்துகிறது என்று கழற்றி வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். முத்துலட்சுமி திட்டுவாள். இப்போது முகத்துக்கு நேராக நின்று திட்டுகிறாள், அதுதான் வித்தியாசம். டாக்டர் சீட்டில் எழுதியது இவ்வளவுதான்: 'தினம் மாலை ஒரு மணி நேரம் பிச்சைமணியோடு. வீட்டில் யாரும் முதுகைக் காட்டிப் பேசக் கூடாது. நான்கு கேள்விகளையும் வீட்டிலேயே தினம் கேட்கவும்.' பேரப்பிள்ளைகள் ரோலர் ரூம் பாஷையை ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருவதைக் கட்டைவிரலால் சொல்லி அடி வாங்கியதும் உண்டு. ஆஸ்பத்திரிக் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுவது அன்றிலிருந்து செல்லையா பொறுப்பு. அதை வேறு யார் தொட்டாலும் அவருக்குப் பிடிக்காது.

போன மாதக் கடைசியில் சித்திரபுரம் கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் செல்லையா, பக்கத்தில் முத்துலட்சுமி. அவரிடம் முன்னாலேயே அனுமதி கேட்டுவிட்டேன். "என் பேரச் சொல்லியே பேசு" என்று கையை ஆட்டிவிட்டார். பத்துப் பழக்கத் தாளை மடித்து வைத்துவிட்டு, நாலு கேள்விதான் எனக்குத் தெரிந்த மருந்து என்று ஆரம்பித்தேன். உற்சாகமாகப் பேசிக்கொண்டே போகிறேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு, சிலர் சிரிப்பது போலத் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. அப்போது செல்லையா கையைத் தூக்கினார். கட்டைவிரலைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் ஆட்டினார்.

பின்னால் ஆள். திரும்பிப் பார்.

திரும்பினேன். ஷீபா நின்றுகொண்டிருந்தாள். "எத்தன தடவ சிஸ்டர் கூப்பிடறது? மைக் ஆன் ஆகல. நாலு தடவ கத்திட்டேன்" என்றாள். கூட்டம் முழுக்கக் கேட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

மைக்கை அவள் சரிசெய்யும்வரை செல்லையா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. ஒரு வருஷமாக நான் கோயிலில் இடப்பக்கக் கடைசியில் உட்காருகிறேன், பிரசங்கம் இடது காதில் சரியாக விழுவதில்லை என்பதால். டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு முறை வந்துவிட்டாள். மகன் போனில், "எதுக்கெடுத்தாலும் சரி சரிங்காதீங்கம்மா, நான் கேட்டது வேற" என்கிறான். குரியன் டாக்டர் இப்போது ஊரில் மகளோடு இருக்கிறார். மாதம் ஒருமுறை போனில் அழைத்து நாலு கேள்வியையும் என்னிடம் கேட்பார். நேற்று யாரோடு பேசினாய் என்றால், கொஞ்ச நாளாக நானும் ஏதாவது குத்துமதிப்பாகச் சொல்லித் தப்பிக்கிறேன். எல்லாம் தெரிந்த நர்ஸ், ரெஜிஸ்டரில் கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டவள், செல்லையா செய்ததை அச்சு அசலாக நானும் செய்துகொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

கூட்டம் முடிந்ததும் செல்லையா எழுந்து வந்தார். தன் காதைத் தொட்டு, என் காதைக் காட்டி, மலைக்குக் கீழே அடிமாலிப் பக்கம் கையை நீட்டினார். "மாமா மிசினும் ரிப்பேரா கெடக்கு. செவ்வாக்கெழம போறோம். நீங்களும் வாங்க சிஸ்டர்" என்றாள் முத்துலட்சுமி.

போனோம். காது பார்க்கும் அறைக்கு வெளியே நீள பெஞ்சில் நல்ல கூட்டம். முத்துலட்சுமி நடுவில் உட்கார்ந்தாள், இந்தப் பக்கம் அவள் மாமனார், அந்தப் பக்கம் நான். யார் பெயரைக் கூப்பிட்டாலும் நாங்கள் இரண்டு பேரும் அவள் முகத்தைத்தான் பார்த்தோம். பிறகு நான் கொஞ்சம் அசந்து, சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கையில் யாரோ மெதுவாகத் தட்டினார்கள். திரும்பினேன்.

முத்துலட்சுமி பெஞ்சை விட்டு எழுந்து என் எதிரே வந்து நின்றாள். ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கமாகத் தள்ளி நின்று, என் உயரத்துக்குக் குனிந்து, முகத்தை எனக்கு நேராகக் காட்டினாள். நான் அவள் வாயைப் பார்க்கும்வரை காத்திருந்தாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள்.

"சிஸ்டர், ஒங்களத்தான் கூப்பிடுதாக."